ஒற்றைச் செருப்பில் செய்த தவளை

போன வியாழக்கிழமை நம் வகுப்புக்காரி ஒருத்தி நம் எல்லோருக்கும் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "இது என்ன சாமான் எண்டு ஆருக்காவது விளங்குதா? மருமகன் வாங்கி வந்து அலுமாரிக்குள்ள வெச்சிருக்கார். அவரிட்டக் கேக்க வெக்கமாக் கிடக்கு." பச்சை நிறத்தில் ஒரு சிலிக்கன் தவளை. முதுகோடு படிந்த இரண்டு முள், பின்னால் குஞ்சம் குஞ்சமாய் இரண்டு கால். சாவிக்கொத்து என்றாள் ஒருத்தி. பல் முளைக்கிற பிள்ளைக்குக் கடிக்கக் கொடுப்பது என்றாள் இன்னொருத்தி. முள்ளைப் பார்த்த பிறகுதான் சொன்னாளா தெரியவில்லை. நான் எழுதியது ஒரே வரி: "விராலுக்குப் போடும் மிதப்புத் தவளை, பின்பக்கம் பாரம் போதாது, மல்லாந்து விழும்."

உனக்கு இது எப்படித் தெரியும் என்று அதற்குப் பிறகு ஒன்பது பேர் கேட்டுவிட்டீர்கள். போனில் விரல் நுனியால் எழுதி முடிக்கிற கதை இல்லை. ஆகவே இந்தக் குறிப்பு.

முதலில் காலம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன், ஓகஸ்ட் லீவு. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நற்பிட்டிமுனை வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, சிறுபோக அறுவடை நடந்து கொண்டிருந்தது, சைக்கிளில் போகும்போது வைக்கோல் தூசி மூக்கில் ஏறும். பின்னேரமானால் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். இரண்டும் சேருவது அந்த மாதத்தில்தான். திகதிகளைச் சரியாகச் சொல்ல என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. சுனாமியாய்க் கடல் வந்த அன்று அது வீட்டோடு போயிற்று. அதனால் கிழமைகளை மட்டும் தருகிறேன். அவை எனக்கு மறக்கவில்லை.

என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு அதற்கு முந்திய மாதம் கலியாணம் நடந்தது. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வாப்பா நான்கு வருடமாகக் கல்லும் சீமெந்தும் சேர்த்துக் கட்டிய வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வளவின் பின்னாலிருந்த சமையல் குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாறினார். ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான், கடலே இல்லாத குளத்தூர் இறக்காமத்திலிருந்து வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், சைக்கிளின் பாரில் கட்டிய நீளமான மூங்கில் கம்பு. அந்தக் கம்பு எதற்கென்று யாரும் கேட்கவில்லை. இறக்காமத்தில் யானை துரத்த வைத்திருப்பார்கள் என்று அடுத்த வீட்டு மாமி சொன்னார். அதுவே விளக்கமாகிவிட்டது.

வாப்பா கரைவலை முதலாளி. இரண்டாவது வாரம் மருமகனைத் தோணியில் ஏற்றினார். வலை வளைத்து முடிப்பதற்குள் மச்சான் மூன்று முறை தோணிக்கு வெளியே குனிந்து சத்தி எடுத்தார். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் அது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

"குளத்துத் தண்ணி ஆடாதுதானே, அதுதான் பழக்கமில்ல" என்று வாப்பா சிரித்துக்கொண்டு சொன்னார். மச்சானும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் உங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடும். உம்மா மச்சானோடு நேரே கதைப்பதில்லை. புது மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்பது வெட்கக்கேடு. கேட்க வேண்டியதைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் கேட்பார். நான் முற்றத்தைக் கடந்து போய் மச்சானிடம் சொல்லி, பதிலைக் கொண்டு வருவேன். எட்டு அடி. எண்ணியிருக்கிறேன். "சோறு போதுமா கேளு புள்ள", "போதும் எண்டு சொல்லுங்க மச்சி." மச்சி என்றால் மனைவியின் தங்கை, அதாவது நான்; அந்த வீட்டின் தபால்காரி.

மச்சான் சும்மா இருக்கத் தெரியாதவர். தோணி சரிவரவில்லை, வயல் இறக்காமத்தில். ஒரு சனிக்கிழமை விடிய சுபஹ் தொழுதுவிட்டுக் கம்பை அவிழ்த்தார். ராத்தா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிவிட்டார். "தனியப் போனா ஊர் கதைக்கும். மச்சியும் போனா உலாவப் போனதெண்டு நினைக்கும்."

நற்பிட்டிமுனை தாண்டி, சொறிக்கல்முனைக்குப் போகும் வழியில் ஆறு விரிந்து தாமரை மூடிக் கிடக்கும் இடம் ஒன்று இருந்தது. இலைகளுக்கு நடுவே பாய் அளவு, தட்டு அளவு திறந்த தண்ணீர். அங்கேதான் விரால்; மச்சானின் கம்பு அதற்கான தூண்டில் கம்பு.

விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கொளுவிப் போடுவது எல்லாரும் செய்வது. மச்சான் செய்யமாட்டார். "தவளையைக் கொல்றது நமக்குத் தடை மச்சி. மீனுக்காக அதைச் செய்யேலுமா?" என்றார். அதனால் அவர் தவளை செய்வார். தகரப் பெட்டிக்குள் உடுப்புக்கு அடியில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. அதற்குள் மூன்று.

ஒன்று, வெள்ளை முள்முருங்கைக் கட்டையில் செதுக்கிய பெருவிரல் அளவு மிதப்பு. சத்தமே போடாது. விடியற்காலை, தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும்போது அதுதான். இரண்டாவது, முகத்தை உள்ளே குழித்து, வாலில் மீன் ரின்னின் தகரத் துண்டு ஒன்று தொங்கவிட்டது. கம்பு நுனியை ஆட்டினால் பொளக் பொளக் என்று தண்ணீரைக் குடிக்கும். கச்சான் காற்றில் தண்ணீர் சிலிர்த்திருக்கும்போது வேறெதுவும் விராலின் காதில் விழாது. மூன்றாவது, விளக்குச் சிம்னிக் கரி பூசிய கறுப்புக் கட்டை. சூரியன் விழுந்த மம்மல் பொழுதுக்கும் மேகமூட்டத்துக்கும்.

"இருட்டுக்குக் கறுப்பா?" என்று கேட்டேன். "வெள்ளைதானே தெரியும்."

"நீங்க கரையில நிண்டு பாக்கிறீங்க. அது கீழ கிடந்து பாக்குது. அதுக்கு மேல இருக்கிறது வானம்."

அன்றைக்கே என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். கிழமை, திகதி, நேரம், காற்று, எந்தத் தவளை, எத்தனை பாய்ச்சல், எத்தனை மீன். எந்தத் தண்ணீருக்கு எது என்று மச்சான் தெரிவு செய்வார். அது சரியா பிழையா என்று நான் எழுதுவேன். மூன்றாம் நாளிலிருந்து, "கொப்பி என்ன சொல்லுது மச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் முள்ளைக் கட்டுவார். என்னை அதுவரை யாரும் எதைப் பற்றியும் கேட்டதில்லை.

விரால் பாய்ந்த உடனே இழுக்கக் கூடாது. அது தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். இலைகளுக்கு நடுவே தேங்காய் விழுந்தாற்போல் ஒரு சத்தம்; தவளை இருந்த இடத்தில் ஒரு சுழி. மச்சான் இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மியை முழுதாக, எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்துத்தான் கம்பைத் தூக்குவார். நான் அவசரத்தில் பாதியிலேயே தூக்கி நான்கு மீனை விட்டிருக்கிறேன். அதுவும் கொப்பியில் இருந்தது.

முதல் விரால் ஞாயிற்றுக்கிழமை. முழங்கை நீளம். சைக்கிள் ஹாண்டிலில் தாமரைத் தண்டில் கோத்துத் தொங்கவிட்டு, சந்தி வழியாகக் கொண்டு வந்தோம். எனக்கு அது பெருமை. உம்மா மீனைப் பார்த்தார், கையில் வாங்கி, வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டார்.

வாப்பா பின்னேரம் வந்தவர் குசினியில் இருந்து தாழ்ந்த குரலில் கதைத்தார். "என்ட தோணி லொறி நிறையக் கீரி மீன் ஏத்துது. என்ட மருமகன் சந்திக்குள்ளால ஒரு விராலத் தூக்கிட்டு வாறார்."

"பொண்ணு வீட்டுல கறி இல்லாம மாப்பிள்ள குளத்துல இறங்கிட்டார் எண்டு சனம் கதைக்கப் போகுது" என்றார் உம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார். "மச்சானிட்டச் சொல்லு புள்ள. மீன் ஒண்டும் கொண்டு வர வேணாம். இருந்து சாப்பிடச் சொல்லு. என்ன கறி வேணுமெண்டாலும் ஆக்கித் தாறன்."

எட்டு அடி நடந்தேன். நாலாவது அடியில், அடுத்த நாள் மேகமாக இருக்கும் போலிருக்கிறது, கறுப்புத் தவளையை இன்னும் போட்டுப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். எட்டாவது அடியில் சொன்னேன்: "மச்சான், மீன் நல்லமாம். நாளைக்கும் கொண்டு வரச் சொன்னாங்க."

"மாமி கேட்டாங்களா?"

"ஓம்."

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "அவங்களுக்கு எந்தத் துண்டு விருப்பம், தலையா வாலா? கேட்டுட்டு வாங்க மச்சி" என்றார். நான் திரும்பி எட்டு அடி நடந்து, "மீன் புடிக்கிறது சும்மா பொழுதுபோக்காம் உம்மா" என்றேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது இதுதான். மச்சான் ஒவ்வொரு நாளும் மீன் கொண்டு வந்தார், மாமி கேட்கிறார் என்று. உம்மா ஒவ்வொரு நாளும் ஒரு கறியைக் கூட்டினார், மருமகனுக்குக் கறி போதவில்லை என்று. இறால், நண்டு, கோழி. மச்சான் வெட்கத்தோடு எல்லாவற்றையும் சாப்பிட்டார். தன் விராலை மட்டும் ஒருநாளும் தட்டில் காணவில்லை. அதைக் கேட்டபோது, "உம்மா கருவாடு போடுறாங்க" என்றேன். அடுத்த வீட்டு மாமியின் பூனை அந்த மாதம் கண்ணுக்குத் தெரியக் கொழுத்தது.

ஒரு வியாழக்கிழமை இலைகளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு நுரை போல் விரால் குஞ்சுகள் கூட்டமாக எழும்பி மூச்சு வாங்கின. கம்பை நீட்டினேன். மச்சான் பிடித்துக்கொண்டார். "வேணாம். இப்ப எதைப் போட்டாலும் தாய் பாயும். பசியில இல்ல. குஞ்சுக்குக் கிட்ட ஒண்டு வந்திட்டெண்டு பாயும்." அன்று வெறுங்கையோடு திரும்பினோம். கொப்பியில் "மீன் இல்லை, காரணம்: குஞ்சு" என்று எழுதினேன்.

கட்டைத் தவளைகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தால் ஊறித் தாழும். இலைமேல் ஏற்றி இழுத்தால் டக்கென்று அடிபட்டு விரால் வெருளும். "ரப்பர் செருப்பு ஒண்டு கிடைச்சா நல்லம். மெதுவா இருக்கும், இலையில இருந்து தண்ணிக்குள்ள வழுகும்" என்று மச்சான் சொன்னார். எங்கள் வீட்டுச் செருப்புகள் எல்லாம் உப்பில் வெந்து கல்லாய்ப் போனவை.

ஆனால் அலுமாரிக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கொடுத்த சாமான்களில் ஒரு சோடிச் செருப்பு. மேலே வெள்ளை, அடியில் நீலம், ஒரு விரல் தடிப்பு. உம்மாவே கடைக்குப் போய், விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்து வாங்கியது. மச்சான் அதைப் போடாமல், பழைய செருப்போடு திரிந்தார். வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்ல சாமானை அழுக்காக்க மனம் வராமல் வைத்திருந்தார் என்பது பத்து வயதில் விளங்காது.

திங்கட்கிழமை, கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்து, உம்மாவின் மீன் வெட்டுகிற கத்தியால் இடது செருப்பை வெட்டினேன். நடுத் துண்டை மட்டும் மச்சானிடம் கொடுத்தேன்.

"எங்க மச்சி கிடைச்சது?"

"கடற்கரையில."

கடல் செருப்பு ஒதுக்காத நாள் உண்டா? அவர் நம்பினார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டார். ரப்பர் எரிந்த மணம் ராத்தாவின் அறை முழுக்க நின்றது. சைக்கிள் டியூபில் கால். முள் இரண்டும் முதுகோடு படிய. பின்பக்கம் வலையில் கட்டும் ஈயமணி ஒன்று, மூக்கு மேலே நிற்க. கிணற்றடித் தொட்டியில் போட்டுப் பார்த்தோம். வெள்ளை வயிறு கீழே, நீல முதுகு மேலே. தவளை ஒன்று மூச்செடுக்க வந்து நிற்பது போலவே இருந்தது. செவ்வாய்க்கிழமை அதற்கு ஐந்து பாய்ச்சல், மூன்று விரால். கொப்பியில் அதுவே பெரிய நாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்து முற்றத்தில் நின்றார். "மருமகன்ட புதுச் செருப்ப எடுத்துக் குடு மகள். அந்தப் பழசோட பள்ளிக்கு வந்தா நம்மளைத்தான் பாப்பாங்க" என்றார் ராத்தாவிடம். ராத்தா பெட்டியைக் கொண்டு வந்து திறந்தார். ஒரு செருப்பு.

யன்னல் கட்டையில் தவளை காய்ந்து கொண்டிருந்தது. வெள்ளை வயிறு, நீல முதுகு. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மச்சான் தவளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"நான்தான் வெட்டினன் மாமா" என்றார்.

வாப்பா தனியே பள்ளிவாசலுக்குப் போனார். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் அழுகைக் குரல் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை, சுவருக்குச் சொன்னார். "கறியும் பிடிக்கல்ல. குடுத்த சாமானும் பிடிக்கல்ல. பிறகென்னத்துக்கு இருக்கிற?"

மச்சான் தொழுதுவிட்டு வந்து சாப்பிடவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன் தகரப் பெட்டி வெளியே வந்தது, பக்கத்தில் ராத்தாவின் பெட்டியும். "நாங்க இறக்காமம் போறம்" என்றார் ராத்தா. அழுது முடித்திருந்தார்.

பெண் வீட்டை விட்டுப் பெண்ணே போவது! அப்படி ஒன்றை அதுவரை நம் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. உம்மா அடுப்படியில் நிலத்தில் இருந்துவிட்டார். "போகட்டும். கட்டின வீட்டுல வௌவால் குடியிருக்கட்டும்."

இத்தனை நாளும் அந்த முற்றத்தில் மற்றவர்களின் பேச்சைத்தான் தூக்கித் திரிந்தேன். என்னுடையதாகச் சொல்ல ஒரு சொல்லும் பழகவில்லை. உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்து வாப்பாவின் கையில் கொடுத்தேன்.

வாப்பா எதையும் உரத்துத்தான் வாசிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். "ஞாயிறு. காலை. காற்று இல்லை. முள்முருங்கைக் கட்டை. பாய்ச்சல் இரண்டு, விரால் ஒன்று. உம்மா சொன்னது: கொண்டு வர வேண்டாம். நான் சொன்னது: நாளைக்கும் வேண்டும்."

நிறுத்தினார். அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு தாள் தாளாகப் புரட்டினார். "மச்சான் கேட்டது: தலையா வாலா. நான் சொன்னது: பொழுதுபோக்கு... திங்கள். செருப்பு, புதியது, இடது கால். வெட்டியது: நான். கத்தி: உம்மாவுடையது. மச்சானுக்குச் சொன்னது: கடற்கரையில் கிடைத்தது."

அன்று மத்தியானம் எழுதிய வரியும் இருந்தது. "வெள்ளி. உம்மா அழுதார். காரணம்: செருப்பு." அந்தக் கொப்பியில் நான் பிழையாகப் பதிந்தது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். மருமகன் ராத்தாவைத் தன் ஊருக்குக் கொண்டு போய்விடுவார் என்று கலியாணம் பேசிய நாளிலிருந்தே உம்மா பயந்திருக்கிறார். நான் மகள் ஒருத்தியைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் அந்த வரியை மனசுக்குள் திருத்த முடிந்தது. அதற்குள் கொப்பி இல்லை.

குசினிக் கதவு திறந்தது. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். எட்டு அடியையும் தானே நடந்து மச்சானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மருமகன், நான் விரால் கேக்கல்ல."

மச்சான் சடாரென்று எழும்பினார். "தெரியாது மாமி."

"கறி குறைஞ்சிட்டெண்டு நீங்க சொல்லல்லியா?"

"அல்லாஹ்வே! வயிறு வெடிக்கத் திண்டிரிக்கன் மாமி. சும்மா இருந்து திங்க வெக்கமா இருந்துது. அதுதான் மீன் புடிச்ச."

"அப்ப அந்த விரால்களை நான் என்ன செய்றன் எண்டு நினைச்சீங்க?"

"கருவாடு போடுறீங்க எண்டு மச்சி சொன்னா."

"கருவாடா!" உம்மா என் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு நடந்ததற்கு என் வலது காது சாட்சி. மச்சான் குறுக்கே வந்திராவிட்டால் இடதும் சாட்சி சொல்லியிருக்கும்.

வாப்பா இதொன்றையும் கவனிக்கவில்லை. இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். "இஞ்ச பாருங்க மருமகன், பின்னேரத்தில கறுப்புக்கு நாலு பாய்ச்சல், வெள்ளைக்கு ஒண்டுமில்ல. அதேன்?"

அவர் மச்சானிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். மச்சான் வானத்தைப் பற்றிச் சொன்னார். "கணவாய் மீனும் அப்பிடித்தான்" என்றார் வாப்பா. "இருட்டுக்கு நாங்களும் கறுப்புத்தான் போடுவம்." இருவரும் பெட்டிகளின் மேலேயே இருந்து அஸர் பாங்கு வரை கதைத்தார்கள். ராத்தா எழுந்து போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

உம்மா உள்ளே போய் வலது செருப்பை எடுத்து வந்தார். "ஒத்தச் செருப்ப வெச்சு ஆருக்கு? இதையும் வெட்டுங்க" என்று மச்சானின் முன்னால் வைத்தார். பிறகு பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, "மச்சானிட்டச் சொல்லு புள்ள..." என்று தொடங்கியவர் நிறுத்தி, அவர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கொண்டு வாற விரால நான்தான் ஆக்குவன். தலை உங்களுக்கு."

என் தபால் வேலை அன்றோடு முடிந்தது. உம்மா கண்மூடி மவுத்தாகும் வரை, எங்கள் எல்லாரையும் விட அவர் அதிகம் கதைத்தது மச்சானோடுதான்.

படம் அனுப்பியவளுக்கு: தவளையின் பின்பக்கம் ஒரு ஈயமணி சேர்க்க வேண்டும், நம்முடைய ஆற்றுக்கு அந்தப் பச்சை போதும், மம்மலில் கறுப்பு. இதை உன் மருமகனிடம் நீயே போய்ச் சொல். பேத்தியை அனுப்பாதே.